பஸ் பல்பு வெளிச்சத்தில் பெரியப்பா

எங்கள் வீட்டுத் தையல் மிஷினை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். காலால் மிதிக்கிற மிஷின் இல்லை அது, கைப்பிடியைச் சுற்றுகிற மிஷின். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் துணியைத் தள்ளலாம்தான். ஆனால் பெரியம்மாவுக்கு அந்த ஒற்றைக்கை வேலை பிடிக்காது, தையல் கோணிப்போகும் என்பார். அதனால் அவர் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொள்ள, எதிரே முக்காலியில் உட்கார்ந்து நான் சுற்றுவேன். ஆறு வயதில் கிடைத்த உத்தியோகம். பெரியம்மா வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். ஒருமுறை நான் நிறுத்தத் தவறி ஊசி அவர் விரலில் இறங்கிவிட்டது. அன்று நான் அழுத அழுகையில், ரத்தம் வழிகிற விரலோடு அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். அதற்குப் பிறகு விரல் எழும்பினால் போதும், என்னைக் கேட்காமலே என் கை நின்றுவிடும்.

சிறுவயதில் நான் பயப்படக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மழை பெய்தால் கூரை பறக்கும் என்று பயம், பெய்யாவிட்டால் கிணறு வற்றும் என்று பயம். எனக்கு ஒன்பது வயதானபோது மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டால் பள்ளிக்கூடமும் போய்விடுமோ என்று அதற்கும் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். அந்த மாதம் கடைக்காரர் ஒருவர் பெரியம்மாவிடம் கொடி தைக்கச் சொல்லி, சிவப்பிலும் வெள்ளையிலும் கட்டுக்கட்டாகத் துணி கொண்டுவந்து போட்டிருந்தார். ஒரு கொடிக்குப் பதினோரு கோடு. சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றது.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. அந்த அண்ணனை, என் பெரியப்பாவை, நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே ஜப்பான்காரன் அவரை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. பெரியப்பா செத்துப்போனார் என்று சொல்ல வந்தவரும் இல்லை, உயிரோடு பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை. பெரியம்மா குங்குமம் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே பூட்டு விழுந்ததே கிடையாது. எல்லோரும் கோயிலுக்குப் போனாலும் அவர் வீட்டிலிருப்பார். மூவாரில் அவருடைய தங்கை இருந்தார். ஒரு நாள்கூட அங்கே போய்த் தங்கியதில்லை. சொந்தத் தாயின் சாவுக்குக்கூடக் காலை பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாராம். கேட்டால் ஒரே பதில்தான்: “அவரு வந்து பார்க்கிறப்ப பூட்டிக் கிடந்தா?”

இந்த நிலைமையில் சித்தப்பா ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி, பஸ் கம்பெனியின் பட்டறையில் வயரிங் வேலை பார்த்தவர். உடைந்த சாமான் எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். எங்கள் குடும்பம் முன்பு இருந்த தோட்டத்துத் துரை ஊரைவிட்டே கிளம்புகிறார் என்று அவருடைய பங்களாவில் விளக்குகளைக் கழற்றப் போயிருக்கிறார். குப்பையில் போட வைத்திருந்த படம் காட்டும் மிஷின் ஒன்றைத் துரை இவர் கையில் கொடுத்துவிட்டார். பிஸ்கட் டின் அளவு இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் எங்கள் தையல் மிஷினில் இருப்பதுபோலவே ஒரு கைப்பிடி. கூடவே பிலிம் சுருள் இரண்டு. ஒன்றில் துரையின் நாய் கிளேபாங் கடற்கரையில் ஓடியது. இன்னொன்றில் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய தோட்டம் இருந்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து, ரப்பர் பால் வாளியோடு ஆட்கள் வரிசையாக நடந்து போகிறார்கள், அவ்வளவுதான் படம்.

உள்ளே இருந்தது டார்ச் லைட்டில் போடுகிற சின்ன பல்பு. சுவரில் கைக்குட்டை அளவுக்கு, புகைக்குள் பார்ப்பதுபோல ஒரு படம் விழுந்தது. ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கோப்பி கொண்டுவந்த பெரியம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, அந்த நாலாவது ஆளு... அது அவரு நடை.”

சித்தப்பா மறுபடி சுற்றினார். மறுபடியும் புகைக்குள் ஒரு ஆள் தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்து போனான்.

“முகம் தெரியுற மாதிரி பண்ண முடியுமா தம்பி?” என்றார் பெரியம்மா. அப்புறம் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “எனக்கு அவரு முகம் மறந்துபோச்சு. ரெண்டு வருஷமா ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது.”

பெரியப்பாவுக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது. ஒரு முகத்தை மறந்துவிட்டு அதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மா கோப்பியை யாருக்கும் கொடுக்காமலே திரும்ப எடுத்துப்போனது மட்டும் தெரிந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஆறிப்போனதை எதுக்குடா கிளறுற?” என்று தம்பியைக் கடிந்துகொண்டார். ஆனால் பஸ்ஸின் முன்விளக்கு பல்பு ஒன்று பட்டறையிலிருந்து ஏற்கெனவே சித்தப்பாவின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்திருந்தது. பழைய பல்பை எடுத்துவிட்டுப் பெட்டியின் பின்பக்கத்தை அறுத்தார். சூடு வெளியேற, பால் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுப் புகைக்கூண்டுபோல மேலே வைத்தார். பல்புக்குப் பின்னால் அப்பாவின் சவரக் கண்ணாடியை நிறுத்தினார். அப்பா ஒரு வாரம் குத்துமதிப்பாகச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனார்.

வெளிச்சம் பிரமாதமாக வந்தது. சூடும் பிரமாதமாக வந்தது. பிலிம் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபத்தில்லை, ஒவ்வொரு படமும் கண்ணிமைக்கும் நேரம்தான் பல்புக்கு எதிரே நிற்கும். சுற்றுவதை நிறுத்தினால் நின்ற படம் வெந்துபோகும். இதைச் சொன்னால் போதாதென்று சித்தப்பா செய்தும் காட்டினார். நாய்ப் படத்தை ஓட்டி நடுவில் நிறுத்தினார். சுவரில் நாயின் வயிற்றில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. அது கொப்புளித்து விரிந்து, நாய் முழுக்கக் கரைந்து வெள்ளையாகிவிட்டது.

“பார்த்தியா நாயோட கதியை? நீ நிறுத்தவே கூடாது, தெரியுதா?”

என்னிடம்தான் சொன்னார். பல்பு தன் இடத்தில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், ஈரத்துணி சுற்றிய குறட்டால் அதை அவரே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. சுற்ற ஆள் வேண்டும். “நம்ம பாப்பா சுத்தட்டும். அது சுத்துனா ஒரே சீரா இருக்கும்” என்று பெரியம்மாவே சிபாரிசு செய்தார்.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது ஆள் வந்து போவது சரியாக ஏழு சுற்று. பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில், எங்கே இருந்தாலும் காற்றில் கையைச் சுற்றி ஏழுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். கை வலித்தால்? தும்மல் வந்தால்? வியர்வையில் பிடி வழுக்கினால்? நாயின் வயிறு கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கம்பளியும் கைலியும் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினோம். தகரக் கூரைக்குக் கீழே உள்ளே வெந்தது. கொடிக்கு வந்த வெள்ளைத் துணியைத்தான் வெட்டாமல் சுவரில் விரித்து ஆணி அடித்திருந்தோம். அம்மா அடுப்பு விசிறியால் பால் டின்னுக்கு விசிறினார். அப்பா உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார்.

சித்தப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த பஸ் பாட்டரியில் வயரை மாட்டினார். நான் சுற்றினேன்.

பெட்டியைப் பின்னால் தள்ளி வைத்ததில், கைக்குட்டை அளவிலிருந்த படம் கதவளவு விரிந்தது. புகையெல்லாம் விலகி, வாளியின் நெளிவு தெரிந்தது, வேட்டியின் கிழிசல் தெரிந்தது. முதல் ஆள் துரையின் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே போனார். “ஐயோ, பல்லுகூடத் தெரியுதே!” என்று அம்மா விசிறுவதை மறந்தார். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். நாலாவது ஆள் தோளைச் சாய்த்தபடி வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவர் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பெரியம்மா எழுந்து நின்று, வலது கை விரலைத் தூக்கி அவரைக் காட்டினார்.

என் கை நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை, கை நின்றது. பெரியப்பா துணியில் அசையாமல் நின்று பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “சுத்து! சுத்து!” என்று சித்தப்பா கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. கைக்கு அது புரியவில்லை. சட்டைப் பொத்தான் இருக்கிற இடத்தில் பழுப்புப் பொட்டு விழுந்தது. அது கொப்புளித்துக் கழுத்துக்கு ஏறி, வாய்க்கு ஏறி, கண்ணுக்கு ஏறியது. அப்புறம் வெறும் வெள்ளைத் துணி. சித்தப்பா வெறுங்கையாலேயே பல்பைப் பிடுங்கி, கை வெந்து அலறினார். இருட்டில் முடி கருகுவதுபோல ஒரு நாற்றம்.

“என்னாச்சு? தெரிஞ்சுதா?” வாசலிலிருந்து அப்பாவின் குரல்.

இருட்டுக்குள் பெரியம்மா பேசினார். “எவ்வளவு சின்னப் பையன்!” என்றார். “மீசைகூடச் சரியா முளைக்கல.”

பெரியப்பா என் அப்பாவுக்கே அண்ணன். அவர் எப்படிச் சின்னப் பையனாவார்? பெரியம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதற்கும் நான்தான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பெரியம்மா மறுநாள் அந்தத் துணியையே கோடு கோடாக வெட்டினார். நான் சுற்ற, மிச்சக் கொடிகளையெல்லாம் இரண்டு நாளில் முடித்தார். மூன்றாம் நாள் காலையில் துணிப்பையோடு கிளம்பி நின்றார். தங்கை வீட்டுக்கு, மூவாருக்கு. “மிஷினுக்கு எண்ணெய் விட்டு வை பாப்பா” என்றார், அவ்வளவுதான். சித்தப்பா கட்டுப்போட்ட கையோடு பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இத்தனை வருஷம் ஒரு நாள் வெளியே தங்காதவர் போகிறார் என்றால், என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

மெர்டேக்கா வந்தபோதும் அவர் வரவில்லை. ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போகக் கிளம்பியது. நான் வயிற்றுவலி என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். உண்மையில் காவல் இருந்தேன். பெரியம்மா இல்லை, எல்லோரும் திடலுக்குப் போய்விட்டால் வீட்டில் ஆள் இல்லை. பெரியப்பா வந்து பார்த்தால்?

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குனிந்து, “வாம்மா, பூட்டிட்டுப் போகலாம்” என்றார். “இனிமே பூட்டலாம்னு அண்ணி சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.” புத்தம் புதுப் பூட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. அதை மாட்டும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். திடலில் ஜனங்கள் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று முழங்கினார்கள். எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையும். அதில் எந்த வெள்ளைக் கோட்டின்மேல் பெரியப்பா நின்றார் என்று தேடிக்கொண்டு, பூட்டை நினைத்துப் பயந்துகொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்துப் பெரியம்மா வந்தார். வெயிலில் கறுத்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை, திருநீறு மட்டும் இருந்தது. பதினான்கு வருஷம் சாகாத மனிதரை நான் சாகடித்துவிட்டேன்.

“நான்தான் நிறுத்திட்டேன் பெரியம்மா, வேணும்னு செய்யல” என்று அவர் மடியில் விழுந்து அழுதேன்.

“நீ நிறுத்தலேன்னா நான் பார்த்திருக்கவே முடியாது பாப்பா” என்றார். மூவாரிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் ரிப்பனை என் பின்னலில் கட்டிவிட்டு, மிஷினுக்கு முன் உட்கார்ந்தார். “சுத்து.”

ஊசி இறங்கிய விரலோடு என்னைச் சமாதானப்படுத்தியவர் அல்லவா, இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடும்வரைகூட அப்படித்தான் நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, என் மகனுக்கு இருபது வயதானபோது, ஒரு நாள் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பி வாசலில் காலுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். எதற்கோ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பெரியம்மா காத்திருந்தது தன்னோடு சேர்ந்து வயதாகிக்கொண்டு வந்த ஒரு ஆளுக்காக. அப்படி ஒரு ஆள் எங்கேயும் இல்லை என்பதையும், சயாமுக்குப் போனது இந்த வயதுப் பிள்ளை என்பதையும் அந்த ஒரு நொடியில் அவர் பார்த்திருக்கிறார்.

“என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?” என்றான்.

ஒன்றுமில்லை என்றேன். அவன் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே வந்தேன்.