பழுது பெட்டிக்கு, பழி டிரைவருக்கு

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மே மாதம். மும்பையில், குர்லாவில் லாரிகள் பழுதுபார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு சீத்தா கேம்ப்பில். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். அந்த ஷெட்டில் ஸ்பானரும் கிரீஸுமாக நின்ற அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

இப்போது வரும் பல லாரிகளில் கிளட்ச் பெடலே கிடையாது. பாரம் எவ்வளவு, மேடா பள்ளமா என்று பார்த்து கியரை மாற்றுவதற்கென்றே ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. டிசிஎம் என்போம். அது மக்கர் செய்தால் எஞ்சின் பாட்டுக்கு உறுமும், சக்கரத்துக்கு இழுவை போகாது. மேட்டில் நடந்தால் வண்டி பின்னால் உருளும். மலைப்பாதையான காட் ரோடு இறக்கத்தில் நடந்தால் கியரின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும். பிரேக் சூடேறி விட்டுப்போனால் அவ்வளவுதான்.

அப்படி ஒரு வண்டியை தாராவிக்கார டிரைவர் அண்ணாச்சி ஒருவர் மறுபடி மறுபடி எங்களிடம் கொண்டு வந்துகொண்டிருந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது என்பது அவர் புகார். ஒவ்வொரு முறையும் எங்கள் மேனேஜர் வண்டியை நிழலில் நிறுத்திச் சோதிப்பார். கோளாறு எதுவும் தென்படாது. பழைய டிரைவர், புது வண்டியை ஓட்டத் தெரியவில்லை என்று லாரி முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். இன்னொரு தடவை வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று அந்த முதலாளியும் மிரட்டியிருந்தார்.

அன்று டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிய லோடோடு வந்திருந்தார். மறுநாள் காட் ஏறிப் புனே போக வேண்டும். அந்த முறைதான் வண்டி என் கைக்கு வந்தது. லேப்டாப்பை மாட்டியதும், வண்டியின் நினைவில் ஒரு கோளாறு பதிவாகியிருப்பது தெரிந்தது: அந்த டிசிஎம் பெட்டியோடு தொடர்பு அறுந்திருக்கிறது. காலையில் ஒருபோதும் ஆவதில்லை, வெயிலில் நெரிசலில் ஓடி நன்றாகச் சூடான பிறகுதான் ஆகிறது என்றார் அண்ணாச்சி. அப்படியானால் குளிர்ந்து நிற்கும் வண்டியில் எதைச் சோதித்தும் பயனில்லை, ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பதிவை அழித்தார். “ஹோ கயா. காடி லே ஜாவ்” என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்துவிட்டதாம், வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். அண்ணாச்சி சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியை அவர் கண்ணெதிரேயே மேனேஜர் அழித்துவிட்டுப் போகிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. “எம்மா, நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டுக்கான். நீ ஒரு தடவ ஏறி உக்காந்து பாத்துரு” என்றார்.

சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்காமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். செம்பூர் நெரிசலில் ஊர்ந்து, வேண்டுமென்றே சுற்றிச் சுற்றிப் போனோம். கேபின் அடுப்பாகக் கொதித்தது. கோவண்டிப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டில் கியர் எண் மறைந்தது. எஞ்சின் உறுமியது. வண்டி தளர்ந்து, ஒரு குலுக்கலோடு பின்னால் உருண்டது. அண்ணாச்சி பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டார். பின்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

குதித்து ஓடினேன். ஒரு ஆட்டோவின் முன்கண்ணாடி எங்கள் வண்டியில் முட்டி உடைந்திருந்தது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். யாருக்கும் காயமில்லை. ஆனால் இன்னும் ஒரு முழம் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆட்டோக்காரர் அண்ணாச்சியைக் கேபினிலிருந்து இழுத்து இறக்கி ஓங்கி அறைந்தார். டிரைவர் தப்பில்லை, வண்டியில் கோளாறு என்று இந்தியில் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. நாலைந்து பேர் மொபைலைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவன் அடித்த கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அண்ணாச்சி என்னிடம் சொன்னது இதுதான்: “மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும்மா. பெறவு பேசிக்கிடலாம்.”

கல் வைத்தோம். கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். பெட்டிக்குக் கரண்ட் சரியாக வந்துகொண்டிருந்தது. எர்த் சரி. ஒயரையும் கனெக்டரையும் ஆட்டி இழுத்துப் பார்த்தேன், அதுவும் சரி. ஆனாலும் பெட்டி லேப்டாப்போடு பேசவில்லை. தொட்டால் கை சுட்டது. அண்ணாச்சியின் துண்டைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போர்த்தினேன். சற்று நேரத்தில் பெட்டிக்கு உயிர் வந்தது, கியரும் பிடித்தது. கோளாறு பெட்டிக்குள்ளேதான். சூடேறினால் செத்துப்போகிறது, ஆறினால் பிழைத்துக்கொள்கிறது.

துண்டைத் திரும்பத் திரும்ப நனைத்தபடி, வண்டியை மெல்ல ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு வந்தோம். இந்த முறை பதிவை யாரும் தொடும் முன்பே என் மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தேன். மேனேஜர் பார்த்தார். புது பெட்டிக்கு ஆர்டர் போடச் சொன்னார். கன்னம் சிவந்து எதிரே நின்ற மனிதரை ஏறிட்டும் பார்க்கவில்லை. டிரைவர்மேல் தப்பில்லை என்று முதலாளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். அது நம் வேலை இல்லையாம்.

நானே போன் செய்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோளாறைக் கண்டுபிடித்ததற்கு என்னைப் பாராட்டவும் செய்தார். ஆனால் அந்த வீடியோ அதற்குள் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ரோட்டில் அடி வாங்கும் ஆளை வைத்துத் தொழில் செய்ய முடியாது, வேறு டிரைவரைப் பேசியாகிவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

புது பெட்டி வந்ததும் நான்தான் மாட்டினேன். அந்த வண்டிக்கான விவரங்களை அதில் ஏற்றி, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை அதற்குப் பழக்கி, உச்சி வெயிலில் அதே மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஓட்டியது புது டிரைவர். வண்டி மஸ்த்தாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று அண்ணாச்சி, கேபினில் கிடந்த தன் போர்வையையும் சாமி படத்தையும் எடுத்துப் போக வந்திருந்தார். போனில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரித்தார். “விடும்மா. நீ கண்ணால பாத்துட்டல்லா. எனக்கு அது போதும்” என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அந்த மேனேஜருக்குக் கீழே அதன் பிறகு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. செம்பூரில் வேறு இடம் தேடிக்கொண்டேன். அண்ணாச்சி இப்போது தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யாரும் இன்று வரை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றப் போவதும் இல்லை. காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆறவில்லை, ஆற விடவும் எனக்கு மனமில்லை. ‘டிரைவர் தப்பு’ என்று யார் சொல்லி ஒரு வண்டி என்னிடம் வந்தாலும், அந்த டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பார்க்காமல் அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை.