கோரிமேடு ஏறிய கார்

அடுத்தவர் கெடுத்து வைத்த எஞ்சினை, கெட்டது வெளியே தெரியாத அளவுக்குத் தேற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். அதற்கு ட்யூனிங் என்று பெயர். பழைய கார் வாங்கி அவதிப்படும் நண்பர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சத்தம் பலம்

நெல்லித்தோப்பில் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் பஷீர் பாய் ஒரு பழைய கார் வாங்கினார். முன்பு வைத்திருந்த இளவட்டம், கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கைத் தடிமனில் ஒரு குழாயை மாட்டியிருந்தான். இப்படிச் செய்தால் வேகத்தில் வண்டி பறக்கும், மெதுவாகப் போகும்போது இழுவை செத்துவிடும். பழைய சைலன்சரையே தேடி மாட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், வண்டியில் சொருகி எஞ்சின் எண்களை மாற்றும் என் லேப்டாப்புக்கு என்ன மரியாதை? அதைச் சொருகிக்கொண்டு, கோளாறு என்ன என்று டாக்டர் மாதிரி கேட்டேன்.

“தெருவே எந்திரிச்சி வந்து பாக்குது தம்பி, வண்டி மட்டும் எடத்த விட்டு நவுர மாட்டேங்குது.”

மலைக்கு ஒத்திகை

பாயின் மகள் ஷாஹிதாவுக்கு ஏற்காட்டில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் சீட்டு அடுத்த பெண்ணுக்கு. வண்டி மலை ஏறுமா என்று மட்டும் பாய் கேட்டார்.

எங்கள் ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது கோரிமேடு. அதைப் பால்காரர் சைக்கிளிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிவிடுவார். நான் ஏசியை அணைத்துவிட்டு, தன்னந்தனியாக, முழு வேகத்தில் அதில் ஏறினேன். திரும்பி வந்து, “மலையா? பறக்கும் பாய்!” என்றேன்.

“அப்ப நீயும் கூட வா தம்பி. பறந்தா புடிக்க ஒரு ஆள் வேணும்ல.”

மூன்றாவது வளைவு

பாய், அவர் மனைவி, ஷாஹிதா, ஹாஸ்டலுக்கான டிரங்குப் பெட்டி, மெத்தை, நூறு கிலோவுக்குக் கொஞ்சமே குறைவான நான். இத்தனையும் ஏற்றிக்கொண்ட வண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முக்கி, நின்றுவிட்டது. மணி பதினொன்று. முன் சீட்டில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைச் சொருகி, எனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி இரண்டடி போய் நின்றது. பதினொன்றே கால். சர்டிஃபிகேட் ஃபைலை மார்போடு அணைத்திருந்த அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாய்ச்சவடாலால் ஒரு படிப்பே போகப் போகிறதே என்று பயந்தும் போனேன். அவள்தான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

“அங்கிள், தப்பா நெனச்சிக்காதீங்க... நீங்க கொஞ்சம் எறங்குனா பாக்கலாமா?”

பலன்

இறங்கினேன். வண்டி ஒரு உறுமல் உறுமி, வளைந்து, கண்ணை விட்டு மறைந்தது. லேப்டாப்பும் கையுமாக நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். குரங்குகள் நெருங்கி வந்து பார்த்தன. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாய் போன் செய்தார்.

“பத்து நிமிசம் முன்னாடியே வந்துட்டோம், சேத்துக்கிட்டாங்க தம்பி! நீ எறங்குனதும் வண்டி என்னா இழுவ இழுக்குது!”

இத்தனை வருஷத்தில் நான் செய்த ட்யூனிங்குகளிலேயே உருப்படியானது, காரை விட்டு இறங்கியதுதான்.