எண்ணெய் தேய்த்தவன் ஒட்டகம் ஏறினால்

மெயின் அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று அறிவித்தபோது நான் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெயில் இருந்தேன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் முதலில் எண்ணெய், அப்புறம் அருவி. தென்காசிக்காரனான எனக்கு அந்த வரிசையை மாற்றத் தெரியாது. அருவிக்குத் தெரிந்திருக்கிறது.

இடுப்பில் துண்டோடு, பொரித்தெடுத்த அப்பளம் போல மினுங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். கூடவே மனைவி, மகள், மனைவியின் தம்பி. தம்பி போலீஸ்காரன். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவனிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு: ஐந்தருவியில் ஒரு குரங்கு என் கையிலிருந்த பழத்தைப் பறித்ததும், நான் “போலீஸ், போலீஸ்” என்று அலறி ஓடியதும். கதை உண்மைதான். ஆனால் அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் அது அரங்கேறக் கூடாது.

அந்த நேரம் பார்த்து, சீசனுக்கென்று எங்கிருந்தோ கொண்டுவந்திருந்த ஒட்டகம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

“அத்தான், ஏறுதியளா?” என்றான் மைத்துனன்.

“ஏறுனா?”

“அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வரணும். நடுவுல ‘இறக்கி விடு’ன்னு சொல்லக் கூடாது. சொல்லலைன்னா குரங்கை நான் மறந்துருதேன்.”

“ஏங்க, மேலெல்லாம் எண்ணெய். வழுக்கிரும்,” என்றாள் மனைவி.

“அருவிப் பாறையிலயே வழுக்காதவன் நான்.”

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பேச்சு வரும். “பாத்தியா, முட்டியிலயும் நெஞ்சுலயும் தோலு தடிச்சிருக்கு. சுடுமணல்ல படுத்தாலும் சுடாது,” என்று மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஏறினேன். ஒட்டகம் எழும்போது பின்கால்களைத்தான் முதலில் தூக்கும் என்பது மட்டும் பாடத்தில் விட்டுப்போயிருந்தது. சேணத்தின் இரும்புப் பிடி என் எண்ணெய்க் கையைவிட்டு நழுவ, நான் அதன் கழுத்துக்கு இறங்கி, காதோடு காதாகப் போய்ச் சேர்ந்தேன். பின்கால் எழுந்தபின் முன்கால் எழுந்தது. மறுபடியும் சேணத்துக்கே வந்தேன், யாரும் தள்ளாமலே.

கொஞ்ச தூரம் போனதும் சாரல் பிடித்தது. மணல்காற்றுக்கு மூடிக்கொள்ளும் மூக்குத் துவாரங்களை அது சாரலுக்கும் மூடிக்கொண்டது. மணலில் புதையாமல் நடப்பதற்கென்றே அகலமாக அமைந்த பாதம். குற்றாலத்தில் புதைய என்ன இருக்கிறது? ஈரத் தார்ரோடும் வாழைப்பழத் தோலும்தான். இரண்டு தரம் வழுக்கியது. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் தாலுகா வாரியாகக் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் வழுக்கியதும் அது நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

“சார், இறங்கிருங்க. நனைஞ்ச ரோட்டுல இது நடக்காது,” என்றார் கயிறு பிடித்தவர்.

மைத்துனன் போனை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டு ஓடி வந்தான். “சொல்லுங்கத்தான். ‘இறக்கி விடு’. ரெண்டே வார்த்தை.”

“மாட்டேம்லே.”

“நின்னுட்ட வண்டியில உக்காந்து என்ன செய்யப் போறிய?”

“இது தண்ணி குடிக்காம நாள்கணக்கா இருக்கும். திமில்ல இருக்கது தண்ணியில்லலே மாப்ள, கொழுப்பு. அதுக்கு முதுகுல இருக்கு, எனக்கு முன்னால இருக்கு. ரெண்டு பேரும் தாங்குவோம்.”

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. என் கால்கள் ஆடியது குளிரால்தான் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்; துண்டு அவ்வளவு சிறியது.

அப்போதுதான் அருவிப் பக்கமிருந்து அறிவிப்பு வந்தது. தடை நீங்கியது, குளிக்கலாம். கூட்டம் அப்படியே அங்கே ஓடியது. பின்னாலேயே என் மனைவியும்.

“அத்தான், அருவி திறந்தாச்சு,” என்றான் மைத்துனன், இந்தத் தரம் கெஞ்சலாக. “எண்ணெயோட எம்புட்டு நேரம் இருப்பிய? நானும் குளிக்கணும்லா?”

“நீ போ. எங்களுக்கு வேலை இருக்கு.”

அவன் போகவில்லை. மகள் குடை கொண்டுவந்து பிடித்தாள். குடை எனக்கு எட்டவில்லை. ஒட்டகத்தின் தலைக்குத்தான் எட்டியது. அதனாலோ, சாரல் விட்டதாலோ, அது திடீரென்று பின்காலைத் தூக்கியது. கழுத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன். வளைவைத் தொட்டோம், புறப்பட்ட இடத்தில் வந்து நின்றோம். இறங்கி அருவிக்குப் போனால் மறுபடியும் தடை. எண்ணெயோடேயே காரில் ஏறி தென்காசி வந்து சேர்ந்தேன். அந்த இருக்கை இன்னும் பளபளக்கிறது.

நிச்சயதார்த்தத்தில் மைத்துனன் குரங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் காப்பவன். சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தியிடம், “ஒரு ஒட்டகம்…” என்று ஆரம்பித்தான். நான் முந்திக்கொண்டு எண்ணெய், துண்டு, கழுத்து ஒன்றுவிடாமல் நானே சொன்னேன். சம்பந்திக்குப் புரையேறும்வரை சொன்னேன்.

“மேல இருந்து அழுததச் சொல்லலியே அத்தான்? வீடியோவுல இருக்கு.”

“ஒட்டகத்துக்கு இமைமுடி ரெண்டு வரிசைலே. எனக்கு ஒண்ணுதான். சாரல் உள்ள போயிட்டு. ஆனா இறங்குனேனா?”

“இறங்கலை,” என்றான் அவன், இலையைப் பார்த்துக்கொண்டு.