சனிக்கிழமை நாலு மணிப் பூட்டு

அந்த ஆமைப்பூட்டை நான் மறக்கவில்லை. உள்ளங்கை அகலம், பித்தளை, புதிதாக எண்ணெய் போட்டது. கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. குடியை விட நினைப்பவர்கள் கூடிக் கதைக்கும் இடம், நாள், நேரம் எல்லாம் என் கையிலிருந்த துண்டுக் கடுதாசியில் இருந்தன. ஆஸ்பத்திரி நேர்ஸ் எழுதித் தந்தது. அக்காவின் கணவர், என் அத்தான், ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் ஹெல்மெற்றைக் கழற்றாமல் நின்றார். காலையில் அவர் சொன்னது ஒரு வசனம்தான்: "இண்டைக்கு எண்டா வாறன், மச்சாள். நாளைக்கு எண்டா என்னை நம்பேலாது."

அந்த ஒரு நாளைப் பெறுவதற்கு எங்களுக்கு எட்டு வருடம் பிடித்தது. எட்டு வருடமும் நாங்கள் செய்தது என்ன என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று முறை அவரைக் கீரிமலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கேணியில் முழுகவைத்து, கற்பூரத்தின் முன்னால் சத்தியம் வாங்கினோம். கையில் நூலும் கட்டினோம். அவர் திரும்பக் குடித்தபோது, சாமிக்கே பொய் சொன்னவன் என்று ஊர் பேசியது. நாங்களும் பேசினோம். மூன்றாம் முறை அவர் சத்தியத்தை உண்மையாகவே காப்பாற்றினார். ஒரு சொட்டும் தொடவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து, முற்றத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்ரர் பிள்ளை எங்களை வைத்து வாங்கினாள். "நெடுநாள் குடிச்ச உடம்பு. மருந்தில்லாமல் உடனை நிப்பாட்டச் சொன்னது ஆர்? காய்ச்சல்காரனிட்டைச் சத்தியம் வாங்குவியளே?" நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டு, எங்கள் ஊர் உரும்பிராய்க்குத் திரும்பி வந்து, அவருக்கு டெங்கு என்று ஊருக்குச் சொன்னோம்.

பக்கத்து ஊரிலேயே இப்படி ஒரு இடம் இருந்தாலும் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை தூரம் வந்ததும் அதே புத்திதான். பூட்டைக் கண்டதும் அத்தானின் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. "சரி, திரும்புவம்," என்றார். திரும்பினால் எல்லாம் முடிந்தது என்று இருவருக்கும் தெரியும்.

எதிரே ஒரு பலசரக்குக் கடை. போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆருக்குப் பிள்ளை?" வாயில் வந்தது பொய். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ரீச்சரின்ரை மனுசனுக்கு." எட்டு வருடம் பழகிய வாய் அல்லவா. பின்னால் ஹெல்மெற் கழற்றும் சத்தம் கேட்டது.

"எனக்குத்தான் அண்ணை," என்றார் அத்தான். "நான்தான் குடிக்கிறனான்."

கடைக்காரர் தராசை விட்டு வெளியே வந்தார். "அவையளை மூண்டு கிழமைக்கு முதல் துரத்திப்போட்டினம். குடிகாரர் வந்துபோற இடத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையள் என்னெண்டு பேப்பர் படிக்க வருங்கள் எண்டு நிலையக் கமிற்றி கேட்டதாம். இப்ப உந்த வெல்டிங் கராச்சுக்குப் பின்னாலை இருந்து கதைக்கினம். கெதியாப் போங்கோ." கலியாணத்துக்கு அதே நிலையத்து மண்டபத்தைக் கொடுப்பார்கள். அதன் பின்பக்கம் வேலியோரம் போத்தல்கள் குவிந்து கிடந்ததை நானே கண்டேன். குடிக்க இடம் உண்டு, குடியை விடத்தான் இடம் இல்லை.

கராச்சுக்குப் பின்னால் ஐந்து பேர் பலகையில் இருந்தார்கள். ஒருவர் எழும்பி அத்தானுக்கு இடம் விட்டார், இன்னொருவர் பிளேன்ரீ கொடுத்தார். அத்தான் பெயரைச் சொன்னார், பிறகு கீரிமலைக் கதை முழுவதையும் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் சத்தியம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

இது நடந்து நாலு வருடம். இடையில் இரண்டு தடவை சறுக்கினார், எழும்பினார். இப்போது இரண்டரை வருடமாகத் தொடவில்லை. போன வருடம் அதே நிலையம் மது ஒழிப்பு விழா நடத்தி அத்தானைப் பேசக் கூப்பிட்டது. துரத்திய அதே கமிற்றித் தலைவர் பொன்னாடை போர்த்தினார். அத்தான் மைக்கைப் பிடித்து, "எனக்குப் பேசத் தெரியாது. சனிக்கிழமையில நாலு மணிக்கு இந்த மண்டபத்துப் பூட்டின்ரை திறப்பை மட்டும் தாங்கோ," என்றார். சபை கைதட்டியது. "கமிற்றியோடை கதைச்சுச் சொல்லுறம்," என்றார் தலைவர். இன்னும் கதைத்து முடியவில்லை.

சென்ற சனிக்கிழமை அந்த வழியாகப் போனேன். அதே பூட்டு. பக்கத்தில் "மதுவற்ற கிராமம்" என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் பூட்டிய கதவின் படியில் அத்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் இன்னமும் பழைய இடத்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்களாம். எத்தனை தரம் சொல்லியும் மாற்றவில்லையாம். அதனால் மூன்றரை மணிக்கே வந்து இருந்துவிடுகிறார்.

"ஆரும் துண்டோடை வந்து, பூட்டைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடக்கூடாது, மச்சாள்," என்றார்.