நத்தை மூளையில் கிடைத்த தாளம்

மூளை ஆராய்ச்சி செய்கிறவனுக்கு ஊரில் நல்ல மரியாதை உண்டு, அது நத்தை மூளை என்று தெரியாத வரைக்கும்.

ஆய்வேட்டில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்காவது என் கஷ்டம் புரியும். எண்பதுகளின் கடைசி, புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடம். ஓடில்லாத நத்தையின் மூளையில், வாசனையைப் பிரித்தறியும் நரம்புகள் தாளம் தப்பாமல் துடிக்கும். செரடோனின் என்கிற மூளை ரசாயனத்தை விட்டால் அந்தத் தாளம் கூடுமா, குறையுமா? இதுதான் ஆறு வருஷமாக என் கேள்வி. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

கீரைத் தோட்டம்

நத்தை பிடிக்க ரெட்டியார்பாளையத்துக்கு சைக்கிளில் போவேன். அங்கே அஞ்சலையம்மா கீரை போட்டிருந்தார். ஈரச் சாக்கைப் புரட்டினால் அடியில் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர் களையெடுப்பதை நிறுத்திவிட்டு, இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். நத்தைக்குக் கொம்பில்தான் மூக்கு, அது எப்படி வாசனை கண்டுபிடிக்கிறது என்று பார்க்கிறோம் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது மோந்து பாத்துட்டு என் கீரையத்தான் திங்குது. இத கண்டுபுடிக்கவா இம்மாம் படிச்ச?"

கடுகைவிடச் சின்னது

அந்த மூளையை நுண்ணோக்கியில் பார்த்து அறுத்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். நத்தையின் உயிரைச் சொல்லவில்லை. பாதி என் கையிலேயே கிழிந்துவிடும். என் பேராசிரியர் திட்டவே மாட்டார், அதுதான் கொடுமை. ஒரே நாளில் நாலு மூளையை நான் கிழித்தபோது பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நத்தைக்கு ஒரே மூளைதான் தம்பி. உனக்கும் அப்படித்தான். ரெண்டையும் பாத்து செலவு பண்ணு."

சொட்டு

ஜனவரியில் ஒருவழியாகத் தாளம் கிடைத்தது. நரம்புத் துடிப்பை வரைகிற கருவியின் பேனா, காகிதத்தில் அழகாக ஏறி இறங்கியது. செரடோனின் கலந்த உப்புநீரை விட்டதும் விறுவிறுவென்று வேகம் பிடித்தது. அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம். அடுத்தடுத்த நத்தைகளிலும் அதே கதைதான். ஆய்வேட்டை எழுதி பைண்டிங்குக்கும் கொடுத்தாயிற்று.

மார்ச்சில் ஒரு மத்தியானம், பக்கத்து மேசையில் தவளை நரம்போடு மல்லுக்கட்டும் லூர்துமேரி வந்து என் பேனாவையே பார்த்தாள். பிறகு மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். மூளை காயாமலிருக்க அதிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ரசாயனம் விடும்போது மட்டும், சீக்கிரம் போய்ச் சேரட்டுமே என்று, குழாயைக் கொஞ்சம் தாராளமாகத் திறப்பது என் வழக்கம். ஒவ்வொரு சொட்டுக்கும் பேனா ஒரு முறை எழும்பியது. அவள் இடுக்கியால் மூளையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினாள். நின்றுவிட்டது.

யாரிடமும் சொல்லாமல் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், பாவி. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இத்தினி நத்தை செத்துச்சே, ஒண்ணாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

மறுநாள் பைண்டிங் கடைக்குப் போய் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆறு வருஷத்தில் நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது, குழாயை அதிகமாகத் திறந்தால் தண்ணீர் வேகமாகச் சொட்டும் என்பதைத்தான்.