திங்களன்றே எழுதிவிட்ட சனிக்கிழமைக் குளிர்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், சிதம்பரத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் வேலை பார்த்தேன். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, குழந்தைக்கு ஊசி போடும்போது எதிரில் நின்று குரங்குச் சேட்டை செய்து சிரிக்கவைப்பது. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது. முகம் இயற்கையாகவே ஒத்துழைத்ததால் செய்தேன்.

இது போக இன்னொரு பொறுப்பும் இருந்தது. பின்னறையில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ். அதற்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். காலையும் மாலையும் அதைப் பார்த்து, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் அந்தந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது; மீறினால் மருந்தின் வீரியம் போய்விடும். டாக்டரம்மா என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஹெட்மாஸ்டர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு. இதைப் பார்க்க ஒரு ஆளா என்று என் மூளை கேட்டது. என் மூளை கேள்வி கேட்டாலே வீட்டில் பயப்படுவார்கள். அதற்குப் பிறகு திங்கள் காலையிலேயே சனி மாலை வரைக்கும் எழுதிவிடுவேன். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று நடுவில் ஒரு ஆறு போடுவேன். ஒருநாள் நீலப் பேனா, ஒருநாள் கறுப்புப் பேனா. யார் கண்ணிலும் படாமலிருக்க, தாளின் மேல் ஒரு முருகன் காலண்டரைத் தொங்கவிட்டேன். சாமியையும் உடந்தையாக்கியாகிவிட்டது. இந்த உழைப்பில் பாதி போதும், ஃப்ரிட்ஜையே பார்த்திருக்கலாம்.

என் அக்கா குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். அவள் பையனுக்கு மூன்றரை மாத ஊசி போட வேண்டும். முதல் இரண்டு ஊசியும் ஊருக்கு வரும் சுகாதார நர்ஸ்தான் போட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க கிளினிக் மாதிரி வராதுக்கா. மருந்தைப் பெத்த புள்ள மாதிரி பாத்துக்குறோம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அந்த வருடம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஃப்ரிட்ஜுக்கென்றே ஓர் இன்வெர்ட்டர் வைத்திருந்தோம். அதில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். புதன்கிழமை சாயங்காலம் கரண்டும் இல்லை, என் செல்போனில் சார்ஜும் இல்லை. பத்து நிமிஷம்தானே என்று ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் செருகினேன். வீட்டுக்குக் கிளம்பும்போது போனை ஞாபகமாக எடுத்துக்கொண்டேன். மாட்ட வேண்டியதை மாட்டவில்லை.

மறுநாள் காலை அக்காவும் மாமாவும் மினிபஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதல் டோக்கன் அவர்களுக்குத்தான். டாக்டரம்மா பையனை எடை பார்த்துவிட்டு மருந்து எடுத்துவரச் சொன்னார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. உள்ளே கையை விட்டால் பீரோவுக்குள் விட்ட மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் பத்தொன்பது. முருகனைத் தூக்கிப் பார்த்தேன். வியாழன் காலைக் கட்டத்தில், என் அழகான கையெழுத்தில், அஞ்சு.

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன். மோர் கெட்டால் புளிக்கும், மீன் கெட்டால் நாறும். இது ஒன்றுமே சொல்லவில்லை. பிளக்கை மாட்டிவிட்டுக் குப்பியைக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. பையனுக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஊசி போட்டாயிற்று என்று நம்பி ஊருக்குப் போவார்கள். நாளைக்குக் கக்குவான் இருமல் வந்தால், அந்தச் சின்ன உடம்புக்குள் காவலுக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

குப்பியோடு அறைக்குள் போனேன். அக்கா மடியிலிருந்த பயல் என்னைப் பார்த்ததும் பொக்கைவாயைத் திறந்து சிரித்தான். நான் இன்னும் சேட்டையை ஆரம்பிக்கவே இல்லை.

"டாக்டர், இது வேணாம். கெட்டுப் போயிருக்கும்" என்று சொல்லி, சார்ஜர் கதையையும் சொன்னேன்.

அவர் எழுந்து பின்னறைக்கு வந்தார். காலண்டரை நகர்த்தினார். தாளில் கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். "சனிக்கிழம சாயங்காலம் நாலு டிகிரியா? பரவால்லையே, ஜோசியமும் பாப்பீங்களா?"



எத்தனை நாளாக என்று கேட்டார். மூணு வாரம் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "நேத்து ராத்திரி மட்டும்னா இந்த மருந்தைக் கொட்டிட்டுப் போயிடலாம். மூணு வாரத்துல எந்த நாள் குளுந்து இருந்துச்சு, எந்த நாள் இல்லன்னு இப்ப யாரு சொல்லுவாங்க?"

அந்த மூன்று வாரத்தில் ஊசி போட்டது பதினோரு குழந்தைகளுக்கு. எல்லோரையும் கூப்பிட்டுப் பணம் வாங்காமல் மறுபடி போடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். கிளினிக் பேர் கெட்டுடுமே டாக்டர் என்று முனகினேன். "கெடட்டும். நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

வெளியே மாமா காத்திருந்தார். "என்ன மச்சான், பெத்த புள்ளைய இப்படித்தான் பாத்துக்குவீங்களா?" அக்கா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மினிபஸ்ஸைப் பார்த்து நடந்தாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

பதினோரு வீட்டுக்கும் போனேன். கோபப்பட்டவர்கள் உண்டு, டீ கொடுத்தவர்களும் உண்டு. குறிஞ்சிப்பாடியில் ஓர் அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எம்பொண்ணு அழுவுறப்ப எதிர்ல நின்னு வேடிக்கை காட்டுனது நீங்கதான?" என்றார். ஆமாம் என்றேன். "அவ்ளோ அழுதாளே, அது சும்மாவா?" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தக் கேள்வி என்கூடவே வந்தது.

ஆனால் பதினோரு பேரும் வந்தார்கள், அந்த அம்மா உட்பட. என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று பார்த்தேன்; அதே ஃப்ரிட்ஜைத்தான் மறுபடி கொடுத்தார்கள். முருகன் மட்டும் டாக்டர் அறைக்கு மாறிப் போனார். புது மருந்து வந்த அன்று அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். "அஞ்சு. நான் பாத்துட்டேன் மச்சான், இப்ப எழுது."

நாலு வருடம் கழித்து, கடலூர் செம்மண்டலத்துக்குக் குடிவந்த பிறகு, என் மகளுக்கு அதே மூன்றரை மாத ஊசி. பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் காட்டுங்க என்றேன். "ஊசி போட வந்தீங்களா சார், ஃப்ரிட்ஜ் வாங்க வந்தீங்களா?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தாலும் அந்தப் பெண் கூட்டிப்போய்க் காட்டினாள். கதவில் அதே மாதிரி ஒரு தாள். காலைக் கட்டத்தில் ஆறு. தெர்மாமீட்டரிலும் ஆறு. மாலைக் கட்டம் காலி. நாளைக்கும் காலி.

மகளைத் தைரியமாக நீட்டிவிட்டு, சேட்டைக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

இன்றைக்கும் எந்த ஆபீஸில் எந்தத் தாளைப் பார்த்தாலும், அழகாக நிரப்பிய கட்டங்களைவிட, இன்னும் நேரம் வராததால் காலியாக விட்டிருக்கும் கட்டத்தைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.