கோகிலவாணியின் கை அளவு

கோகிலவாணிக்கு ஐந்து பேருக்குச் சமைக்க வராது. சமையலே தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜவ்வாது மலையிலிருந்து செங்கத்துக்கு இறங்கும் ரோட்டை ஒட்டிய அத்திக்காட்டூரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினோரு வருஷமாக அடுப்பு மூட்டுகிறவள் அவள்தான். அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை பிடி உப்பு என்று அவள் யோசித்ததே இல்லை. கை போகும், எடுக்கும், போடும், சரியாக இருக்கும். பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டு இன்னொரு கரண்டிக்கு வந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்து ஐந்து பேருக்கு உலை வைத்தால்தான் அந்தக் கைக்கு என்னவோ ஆகிவிடும். உப்பு ஒரு கல் கூடும். இல்லையென்றால் புளி தூக்கலாக நிற்கும். சோறு மட்டும் எந்நாளும் பத்துப் பேருக்கு இருக்கும்.

"இவ கைக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய டேக்சாதான் லாயக்கு," என்பார் மாமனார் கோவிந்தன். வைகிறாரா மெச்சுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த வீட்டில் ஆளுக்கொரு நேரம். கணவன் தனசேகரன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். மலையில் விளைகிற புளி, சாமை, பலாப்பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் செங்கத்து மண்டிக்குக் கிளம்பினால், திரும்புவது மத்தியானமாகவும் இருக்கும், விளக்கு வைத்த பிறகாகவும் இருக்கும். பெரியவள் அபிநயா பதினொன்றாம் வகுப்பு. ஜமுனாமரத்தூர் போய் வருகிறாள். புத்தகத்தில் கண்ணும் தட்டில் கையுமாகச் சாப்பிடுவாள். சின்னவள் காவியா வந்ததும் வராததுமாக நின்றுகொண்டே பாதியை விழுங்கிவிட்டு ஓடுவாள். கோவிந்தனுக்கு ஆடுகளைப் பட்டியில் அடைத்ததும் சோறு வேண்டும். கடைசியில், எல்லாரும் எழுந்த பிறகு, அடியில் நின்றதை வழித்துப் போட்டுக்கொண்டு கோகிலவாணி உட்காருவாள். அது ஆறி வெகு நேரமாகியிருக்கும். மிச்சம் ஆட்டுக்குப் போகும். சில நாள் ஆடுகளே மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இப்படித்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது, போன மாசி வரைக்கும்.

மாசி வந்தால் மலையில் புளி உலுக்குவார்கள். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்க, பெண்கள் கீழே விழுந்ததைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு ஓடு உடைக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், கொட்டை எடுக்க வேண்டும். உலை வைக்கக்கூட ஒருத்திக்கும் நேரம் இருக்காது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கு இன்னும் சிரமம். அவள் புருஷன் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். இரண்டு சின்னப் பெண்களையும் புளி மூட்டைகளையும் அவள் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவள் ஒரு கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்றாள். புளி ஓடு உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் வெந்தது போலச் சிவந்திருந்தது.

"அக்கா, கொழம்பு கொஞ்சம் கீதா? சோறு வடிச்சிட்டேன். கொழம்பு வைக்கக் கை வரல. மொளகா தொட்டா எரியுது."

கோகிலவாணி கிண்ணத்தைப் பார்த்தாள். "இத்துணூண்டு எதுக்கு? போய்ப் பசங்கள இட்டுகினு வா. இங்கயே துன்னுங்க."

அன்றைக்கு மொச்சைக் குழம்பு. மூன்று வாய்கள் கூடின. மறுநாள் விடிந்ததும் செல்லம்மா முறம் நிறையச் சாமை கொண்டுவந்து வைத்தாள். "சும்மா வந்து துன்னுட்டுப் போறதுக்கு நாங்க இன்னா விருந்தாளியா?" என்றாள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு பலாப் பிஞ்சோடு வந்தார்கள். இன்னொரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை ஒரு கட்டு வந்தது. பத்து நாளில் நாலு வீட்டு ராத்திரிச் சோறு கோகிலவாணியின் அடுப்பில் வேக ஆரம்பித்தது. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி சாமையை அரித்துக் கல் எடுப்பாள், பிள்ளைகள் விறகு கொண்டுவரும். ஓடு உடைக்கிறவர்கள் வாசலிலேயே சாக்கு விரித்து உடைத்துக்கொண்டிருப்பார்கள். பதினேழு பேர். ஒருநாள் கோகிலவாணி குழம்பைக் கொதிக்கவிட்டு உப்பு எடுக்கக் கை நீட்டினாள். கை தடுமாறவில்லை. போட்டாள். கோவிந்தன் ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

தனசேகரனுக்குத்தான் இது பிடிக்கவில்லை.

ஒருநாள் செங்கத்து மண்டியில் எடை போட மத்தியானம் வரை காக்க வைத்துவிட்டார்கள். வரும் வழியில் வண்டி டயர் வேறு பஞ்சர். பொழுது சாய்ந்து, பசியோடு வந்து நின்றால் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளே கால் வைத்தால் யார் வீட்டுக் குழந்தையோ அவன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"இது வூடா, ஓட்டலா?" என்றான். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. "பொழுதுக்கும் ஒழச்சிட்டு வர்றேன். எனக்கு ஒரு தட்டு கெடைக்கல. வூட்டு ஜனத்தோட ஒருவாய் நிம்மதியா துன்ன முடியல."

கோகிலவாணி அவசரமாக வேறொரு தட்டைக் கழுவி அவனுக்குப் போட்டாள். அவன் சாப்பிட்டான். ஆனால் மற்றவர்கள் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். போகும்போது செல்லம்மா மெதுவாகச் சொன்னாள்: "அண்ணன் சொல்றதும் நாயந்தானக்கா. நீ ஒண்ணும் நெனச்சிக்காத." அடுத்த நாள் யாரும் வரவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் கோகிலவாணி சின்னச் சட்டியில் சமைத்தாள். அவன் மேல் கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. தனசேகரன் ஆசைப்பட்ட மாதிரியே ஐந்து பேரும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பத்தே நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிட்டது.

"அப்பா," என்றாள் காவியா, "செல்லம்மாக்கா வூட்ல இன்னிக்கு இன்னா கொழம்போ?"

தனசேகரன் காதில் விழாத மாதிரி கை கழுவப் போனான். பக்கத்து வீட்டிலிருந்து புளி ஓடு உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தன் வாயால் கெடுத்ததைத் தன் வாயாலேயே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து அனல். மூன்று மணிக்கு மேற்கே கருத்து, காற்று சுழன்றடித்து, கோடை மழை கொட்டித் தீர்த்தது. செங்கத்திலிருந்து காலி வண்டியோடு ஏறி வந்த தனசேகரன், ஊருக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம், மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனான்.

பஸ்ஸுக்குள் இருபத்தெட்டுப் பேர். மரம் அறுக்க ஆள் வருவதற்கு மூன்று மணி நேரமாவது ஆகும் என்று கண்டக்டர் போனில் விசாரித்துச் சொன்னார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் பாதிப் பேர் நனைந்திருந்தார்கள். தசரதன் என்ற செங்கத்துத் தையல்காரர், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கூட மனைவி முனியம்மா. மடியில் இருந்த பேத்தி பசிக்கு அழுதுகொண்டிருந்தது.

"பக்கத்துல கடை எதுனா கீதா தம்பி? ஒரு பன்னு கெடச்சாக்கூடப் போதும்," என்று கேட்டார் தசரதன்.

கடை இல்லை. தனசேகரன் தலையைச் சொறிந்தான். அழுகிற குழந்தையைப் பார்த்தான். பிறகு, தானே எதிர்பார்க்காமல், "எல்லாரும் எறங்குங்க. நம்ம வூடு இங்கதான் கீது," என்றான்.

மழை விட்டிருந்தது. முன்னால் அவன், பின்னால் இருபத்தெட்டுப் பேர், டிரைவர், கண்டக்டர். வாசலில் நின்ற கோகிலவாணி இந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிட்டாள். தனசேகரன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மொத்தம் எத்தினி பேரு?" என்றாள்.

"முப்பது."

உள்ளே அடுப்பில் ஐந்து பேருக்கான சட்டி இருந்தது. கோகிலவாணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஓட்டல்காரரே," என்றாள், "மொதல்ல போய்ச் செல்லம்மாவ இட்டுகினு வாங்க. நீங்களே போய்க் கூப்பிடணும்."

அவன் போனான். செல்லம்மா வீட்டு வாசலில் நின்று, "அன்னிக்கு நான் பேசனது தப்பும்மா. மனசுல வச்சிக்காத. இப்போ வூட்ல முப்பது பேரு நிக்கிறாங்க," என்றான். செல்லம்மா மடியிலிருந்த புளியை உதறிவிட்டு எழுந்தாள். "அத மொதல்ல சொல்லக் கூடாதாண்ணா?" என்று சொல்லிக்கொண்டே மற்ற வீடுகளுக்கும் குரல் கொடுத்தபடி ஓடினாள்.

கோவிந்தன் கோயில் அண்டாவைத் தூக்கிவர டிரைவரையும் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு போனார். சாமை சீக்கிரம் வேகும் என்பதால் கோகிலவாணி சாமைச் சோறு என்று முடிவு செய்தாள். நாலு வீட்டுச் சாமையும் ஒன்றாகக் கொட்டப்பட்டது. எதிர்வீட்டிலிருந்து வேகவைத்த மொச்சை அப்படியே சட்டியோடு வந்தது. பலாப் பிஞ்சைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முனியம்மா அரிந்தாள். தையல்காரர் வெங்காயம் நறுக்குகிறேன் என்று உட்கார்ந்து, துணி வெட்டுகிற ஜோரில் அத்தனையும் ஒரே அளவாக நறுக்கிக் குவித்தார். அபிநயா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்து தேங்காய் துருவினாள். அந்தப் பெண் தானாகப் புத்தகத்தை மூடி யாரும் பார்த்ததில்லை. காவியா தேக்கிலை பறித்து வந்து துடைத்து அடுக்கினாள். பசித்த குழந்தைக்கு மட்டும் முதலில் கொஞ்சம் ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். அது குடித்துவிட்டுக் கோவிந்தன் தாடியைப் பிடித்து இழுத்தது.

கோகிலவாணி அண்டாவுக்கு முன் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் குரலே மாறிவிட்டது. "வெறகத் தள்ளு. போதும். கொத்தமல்லி எங்க? அந்தப் புளித்தண்ணி இங்க ஊத்து." உப்பை அள்ளிப் போட்டாள். ருசி பார்க்கவில்லை. பார்க்க வேண்டியும் இருக்கவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் பந்தி உட்கார்ந்தது. வாசலிலும் அடுத்த வீட்டு வாசலிலும் மழை ஈரத்தின் மேல் சாக்கு விரித்து, நாற்பத்தேழு பேர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் சோற்று வாளியோடு வரிசையாக வந்தார்; பழக்கதோஷத்தில் ஒவ்வொருவரிடமும் "அடுத்து, அடுத்து" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தனசேகரன் குழம்பு ஊற்றினான். பலாப் பிஞ்சுப் பொரியல் முதல் வரிசையோடு தீர்ந்துபோனது. தையல்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "காதுகுத்து விருந்துல இப்டித் துன்னலம்மா," என்றார். "விருந்து வச்சவங்க காதுல விழப்போவுது," என்று முனியம்மா அவர் வாயை அடக்கினாள்.

வரிசை பார்த்துக்கொண்டே நின்ற கோகிலவாணியை முனியம்மாதான் கவனித்தாள். "நீ எப்போம்மா துன்னுவ?"

"எல்லாரும் ஆவட்டும்."

"அதெல்லாம் முடியாது. உக்காரு." முனியம்மா எழுந்து, அவள் தோளை அழுத்தி, தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். தனசேகரன் இலை போட்டான். சோறு வைத்தான், குழம்பு ஊற்றினான். ஆவி முகத்தில் அடித்தது. பதினோரு வருஷத்தில் தன் கையால் சமைத்ததைச் சூடாகச் சாப்பிட்டது அவளுக்கு நினைவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாக்கு சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, சூட்டினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்லாத்தான் கீது," என்றாள், வேறு யாரோ சமைத்ததைச் சொல்வது போல. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏழரை மணிக்கு மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப் போனது.

மறுவாரம் தனசேகரன் செங்கத்திலிருந்து பழைய தகர ஷீட்டுகள் ஏற்றி வந்து வாசலோரம் ஒரு கொட்டகை போட்டான். புளி சீசன் முடிந்தும் நாலு வீட்டு அடுப்பும் அங்கே ஒன்றாகத்தான் எரிகிறது. முறை வைத்துச் சமைக்கிறார்கள். கோகிலவாணிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் முறை. வண்டி ஓட்டும் கைக்குக் களி கிண்டுவது சுலபம் என்று யாரோ சொன்னதை நம்பி, கேழ்வரகுக் களியில் இறங்கியிருக்கிறான். முதல் வாரம் கட்டி கட்டியாக வந்தது.

"இன்னாப்பா இது, உள்ள மாவு அப்டியே கீது?" என்றாள் காவியா.

"கொழம்ப ஊத்திப் பெசஞ்சி துன்னுமா. அடுத்த வாரம் பாரு," என்றான் தனசேகரன்.

அவன் சொன்னபடி அடுத்த வாரம் கட்டி பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரம் செல்லம்மாவின் புருஷன் காப்பித் தோட்டத்திலிருந்து லீவுக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியவன், தன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றான். பிறகு சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் நடந்து, கொட்டகைக்குள் தலையை நீட்டினான். அவன் பையைக் கீழே வைப்பதற்குள் கோகிலவாணி அவனுக்கு ஒரு தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.